.22 ரைஃபிளில் சேம்பரை மாற்றினால் குரூப் சுருங்குமா?

திருமங்கலம்_ப்ரோன்:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். 50 மீட்டர் ப்ரோன் (படுத்துக்கொண்டு) சுடுவதற்கு லைசென்ஸில் இருப்பது பழைய .22 எல்.ஆர். போல்ட் ரைஃபிள். ஸ்போர்ட்டர் ரகம், சேம்பரும் (தோட்டா உட்காரும் குழி) தளர்வான ஸ்போர்ட்டிங் சேம்பர்தான். மணல் மூட்டையில் முன்னும் பின்னும் தாங்கி வைத்து 10 குண்டு சுட்டால், குரூப், அதாவது மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளுக்கு இடையே மையத்துக்கு மையம், 24 முதல் 29 மி.மீ. வருகிறது. அதே பெட்டித் தோட்டாவைக் கிளப்பில் இருக்கும் மேட்ச் ரைஃபிளில் போட்டால் 13, 14 மி.மீ.தான். தோட்டா 40 கிரெய்ன், ஸ்டாண்டர்டு வெலாசிட்டி, பெட்டியில் நொடிக்கு 325 மீட்டர் என்று போட்டிருக்கிறது.

சுட்ட காலிக்கூட்டைப் பார்த்தால் வாயிலிருந்து பாதி உயரம் வரை கரி ஏறியிருக்கிறது, அதுவும் ஒரு பக்கமாக. மேட்ச் ரைஃபிளில் சுட்ட கூடு கிட்டத்தட்டச் சுத்தமாக வருகிறது.

இந்த வித்தியாசம் முழுக்க சேம்பரால்தானா? ரீமர் மட்டும் கிடைத்தால் இதையே மேட்ச் சேம்பராக்கி விடலாம், அரை நாள் வேலை என்று ஒரு லேத் பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா? புது பேரலே போடுவதாக இருந்தால் எந்தச் சேம்பர் கேட்பது?


ஒத்தக்கடை_ஆர்மரர்:

தம்பி, லேத் பட்டறை பேச்சை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம்.

ரீமர் இரும்பைச் சுரண்டி எடுக்கும், இரும்பைச் சேர்க்காது. உங்கள் சேம்பர் ஏற்கெனவே பெரியது. ஸ்போர்ட்டிங் சேம்பரின் பின்பக்க விட்டம் சுமார் 5.86 மி.மீ. மேட்ச் சேம்பரில் அதே இடம் சுமார் 5.78. பெரிய ஓட்டைக்குள் சின்ன ரீமரை விட்டால் அது எதையும் தொடாமல் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். இருக்கிற பேரலை மேட்ச் சேம்பராக்க ஒரே வழி, பழைய சேம்பர் இருக்கும் பகுதியை முழுசாக வெட்டி எடுத்துவிட்டு, பேரலைப் பின்னுக்குத் தள்ளிப் புதிதாகச் சேம்பர் போடுவது. ஸ்போர்ட்டிங் சேம்பர் கிட்டத்தட்ட 20 மி.மீ. நீளம். அவ்வளவையும் வெட்டினால் ரிசீவருக்குள் போகும் தண்டுப் பகுதி, எக்ஸ்ட்ராக்டர் (காலிக்கூட்டை வெளியே இழுக்கும் நகம்) வெட்டு, சைட் தடம், ஸ்டாக்கில் பேரல் உட்காரும் இடம் எல்லாமே இடம் மாறும். அரை நாளில் முடிகிற வேலையே இல்லை.

போரின் (பேரலின் உள்துளை) நடுக்கோட்டை டயல் இண்டிகேட்டர் வைத்துப் பிடித்து, சேம்பர் அதே கோட்டில் விழுகிற மாதிரி லேத்தில் கட்டுவதுதான் இதில் உயிர்நாடி. பேரலின் வெளிப்பக்கத்தை மூன்று தாடை சக்கில் பிடித்து ஓட்டினால் வேலை கெட்டது என்று அர்த்தம். பேரலின் வெளிவட்டமும் உள்துளையும் ஒரே மையத்தில் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

இனி சேம்பர் என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன். .22 எல்.ஆர். தோட்டாவில் குண்டின் உடலும் கூட்டின் வெளிச்சுவரும் ஒரே விட்டம், சுமார் 5.7 மி.மீ. குண்டின் அடிப்பாகம் மட்டும் சிறுத்துக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். அதனால் சேம்பருக்குள் குண்டை நடுவில் பிடித்து வைக்கத் தனியாக எதுவும் இல்லை. சேம்பர் தளர்ந்திருந்தால் தோட்டா அடியில் படுத்துக்கொள்ளும், மேலே இடைவெளி நிற்கும். உங்கள் கூட்டில் ஒரு பக்கம் மட்டும் கரி ஏறுவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். கூடு சேம்பர் சுவரோடு ஒட்டி அடைப்பதற்குள் அந்த இடைவெளி வழியாக வாயு பின்னுக்கு வந்துவிடுகிறது.

அப்படிப் படுத்துக் கிடக்கும் குண்டு, ரைஃப்ளிங்கைத் (பேரலின் உள்சுவரில் இருக்கும் சுருள் வரிகள்) தொட இன்னும் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். ஓடும்போதே பின்னாலிருந்து அழுத்தம். மெழுகு பூசிய மெல்லிய ஈயம்தானே, அடிப்பாகம் பிதுங்கி, கோணலாகவே ரைஃப்ளிங்கில் ஏறிவிடும். ஏறிய கோணல் பேரல் முழுக்கக் கூடவே வரும். குரூவ் (வரிப்பள்ளம்) விட்டம் சுமார் 5.64 மி.மீ. என்பதால் குண்டு எப்படியும் இறுக்கிப் பிசையப்படும். ஆனால் பிசைந்தால் வெளிவடிவம்தான் வட்டமாகும், எடையின் மையம் நடுவுக்குத் திரும்பி வராது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். .22 பேரலில் சுருள் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதாவது 406 மி.மீ. நொடிக்கு 325 மீட்டரில் போகும் குண்டு நொடிக்கு 800 தடவை சுற்றும். எடை மையம் நடுக்கோட்டிலிருந்து 0.01 மி.மீ. விலகியிருந்தால் பேரல் வாயை விட்டதும் நொடிக்கு 5 செ.மீ. வேகத்தில் பக்கவாட்டில் நழுவும். 50 மீட்டருக்கு 0.16 நொடி ஆகிறது. பேப்பரில் 8 மி.மீ. விலகல். முடியின் தடிமனை விடப் பல மடங்கு சின்னப் பிசகுக்கு 8 மி.மீ.! பத்து வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான்.

மேட்ச் சேம்பரில் இரண்டு விஷயம் மாறுகிறது. சுற்றிலும் இடைவெளி பாதிக்கும் கீழே குறைகிறது. ரைஃப்ளிங் முன்கூட்டியே ஆரம்பிக்கிறது. போல்டை மூடும்போதே லேண்டுகள் (வரிமேடுகள்) குண்டில் ஒரு மி.மீ. அளவுக்குக் கடித்துப் பிடித்துவிடும். வெடிப்பதற்கு முன்னாலேயே குண்டு நடுக்கோட்டில் நிற்கிறது. ஒவ்வொரு குண்டும் ஒரே இடத்தில், ஒரே எதிர்ப்போடு கிளம்புவதால் வேகமும் சீராக இருக்கும்.

ஆக, உங்கள் 24–29க்குச் சேம்பரும் ஒரு காரணம். ஆனால் அது மட்டும்தான் என்று இப்போதே சொல்ல மாட்டேன். குரூப்பின் உருவத்தைச் சொல்லுங்கள். வட்டமா, நெட்டையா?


மேலூர்_கோச்:

அண்ணன் கடைசியில் கேட்டிருக்கும் கேள்வியைத்தான் தம்பி முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். குரூப்பின் அளவை மட்டும் எழுதி வைக்கிறோம், உருவத்தை விட்டுவிடுகிறோம். ஒவ்வொரு குரூப்புக்கும் உயரம் தனியாக, அகலம் தனியாக எழுதுங்கள்.

நெட்டையாக விழுந்தால் வேகம் சீராக இல்லை என்று பொருள். 50 மீட்டர் போவதற்குள் குண்டு சுமார் 12 செ.மீ. இறங்குகிறது. வேகம் நொடிக்கு 10 மீட்டர் கூடிக் குறைந்தால் பேப்பரில் 7–8 மி.மீ. மேல் கீழ். அது தோட்டாவின் குறையாக இருக்கலாம், ஃபயரிங் பின் சரியாக அடிக்காததாகவும் இருக்கலாம். .22இல் பிரைமர் மருந்து (முதலில் பற்றவைக்கும் மருந்து) ரிம்முக்குள், அதாவது கூட்டின் அடி விளிம்புக்குள் இருக்கிறது. அடி மெலிந்தால் ஒரு தோட்டா முழுதாகப் பற்றும், இன்னொன்று அரைகுறையாகப் பற்றும். ஸ்பிரிங் தளர்ந்த பழைய போல்ட், உள்ளே கிரீஸ் கெட்டிப்பட்ட போல்ட், ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் ரிம் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி) கூடிய ரைஃபிள் மூன்றும் இதையே செய்யும்.

அகலமாக விழுந்தால் காற்றையும் உங்கள் பிடியையும் பாருங்கள். எல்லாப் பக்கமும் வட்டமாகச் சிதறினால்தான் அண்ணன் சொன்ன மாதிரி குண்டு கோணலாகக் கிளம்புகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

சோதனையைக் காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் முடித்துவிடுங்கள். ஆடியில் அதற்குப் பிறகு சுடும் குரூப்பை வைத்து ரைஃபிளைப் பற்றி ஒரு முடிவுக்கும் வர முடியாது. கம்பம் பக்கமிருந்து கிளம்பும் காற்று இங்கேயும் விட்டு விட்டு அடிக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் காற்றே இல்லாவிட்டாலும் செம்மண் தரையிலிருந்து கானல் எழும்பி டார்கெட் ஆடுவது போலத் தெரியும்.

ஐந்து குண்டு குரூப் ஒன்றை வைத்துத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு லாட்டுக்கு (ஒரே தொகுப்பாகத் தயாரான தோட்டா) பத்துக் குண்டு வீதம் நாலு குரூப் சுட்டு, நாலின் சராசரியை எடுங்கள். ஒரு ரகத்திலிருந்து இன்னொரு ரகத்துக்கு மாறும்போது முதல் 15, 20 குண்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு கம்பெனி மெழுகும் வேறு வேறு. பழைய மெழுகு பேரலிலிருந்து போய்ப் புதுசு படியும் வரை குண்டு அலையும்.

லாட் எண் முக்கியம். ஒரே பெயர், ஒரே விலை, ஆனால் லாட் மாறினால் அதே ரைஃபிளில் 14 வந்தது 20 ஆகும். ஈலி, லாபுவா போன்ற கம்பெனிகள் சொந்தமாகச் சோதனை ரேஞ்சு வைத்து, சுடுபவர் கொண்டுவரும் ரைஃபிளைக் கிடுக்கியில் கட்டி லாட் லாட்டாகச் சுட்டுக் காட்டுவது இதற்காகத்தான். மேட்ச் சேம்பர் போட்டவருக்கும் இந்த வேலை குறையாது. சொல்லப்போனால் கூடும். இறுக்கமான சேம்பருக்குக் குண்டின் மூக்கு வடிவம் கூட வித்தியாசம் காட்டும். ஈலியின் டெனெக்ஸ் என்ற மேட்ச் தோட்டா தட்டை மூக்குக் குண்டுக்கு மாறிய பிறகு, அதற்கென்றே த்ரோட்டை (சேம்பர் முடிந்து ரைஃப்ளிங் ஆரம்பிக்கும் இடம்) அமைத்து ஈ.பி.எஸ். என்ற பெயரில் தனி ரீமர் வந்தது அதனால்தான்.


நாகமலை_22:

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பட்டறைக்காரர் தெரியாமல் சொல்லியிருக்கலாம். 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி துப்பாக்கியைச் செய்வது மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் மாற்றி அமைப்பதற்கும் தனி லைசென்ஸ் வேண்டும். பேரலின் நீளத்தைக் குறைப்பது 6ஆவது பிரிவில் தனியாகவே வருகிறது. சாதாரண லேத் பட்டறையில் கொடுத்தால் கொடுத்தவர், செய்தவர் இரண்டு பேருக்கும் வழக்கு. பேரலைத் தனியாக வாங்கினாலும் அது இரும்புக் குழாய் என்று ஆகாது, சட்டத்தில் ஆயுதத்தின் பாகம்தான். லைசென்ஸ் கொடுத்த அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, லைசென்ஸ் உள்ள டீலர் வழியாக மட்டுமே போங்கள்.

அடுத்தது, பேரலை மாற்றுவதற்கு முன்னால் இருக்கிற சேம்பரைச் சுத்தம் செய்து பாருங்கள். போரில் துணி விட்டு எடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கூட்டின் வாய் முடியும் இடத்துக்குச் சற்று முன்னால், சேம்பர் சுவரில் கரியும் ஈயமும் மெழுகும் சேர்ந்து ஒரு வளையம் கட்டும். கண்ணாடி மாதிரி கெட்டியாக இருக்கும். சாதாரணப் பேட்ச் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். பழைய ரைஃபிளில் முன்னால் யாராவது .22 ஷார்ட் தோட்டா நிறையச் சுட்டிருந்தால் வளையம் இன்னும் பின்னாலேயே கட்டியிருக்கும், அந்த இடத்தில் சுவர் அரித்தும் போயிருக்கலாம்.

வளையம் இருக்கிறது என்பதற்கு அடையாளம்: போல்ட் மூடும்போது கடைசி ஒரு நூல் அளவு கனக்கும். காலிக்கூடு வெளியே வரப் பிடிவாதம் பிடிக்கும். கூட்டின் வாயோரம் சுற்றிலும் மெல்லிய கீறல் விழும். கிளப்பில் போர்ஸ்கோப் கேமரா இருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

எடுக்கும் முறை இதுதான். போல்டைக் கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்துவிட்டு, பின்பக்கத்தில் போர் கைடு (கம்பியை நேராக உள்ளே விடும் குழாய்) மாட்டுங்கள். பூச்சு உள்ள கம்பியில் .22 வெண்கலப் பிரஷ்ஷைப் பொருத்தி, கரியைக் கரைக்கும் சால்வென்டில் நனைத்து, சேம்பர் முடியும் இடம் வரை மட்டும் உள்ளே விட்டு, அங்கேயே ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். 10 நிமிஷம் ஊற விடுங்கள். மறுபடியும் சுற்றி, இரண்டு காய்ந்த பேட்ச் விட்டு எடுங்கள். மூன்று தடவை செய்தால் பெரும்பாலும் போய்விடும். ஸ்டீல் பிரஷ் வேண்டவே வேண்டாம். முன்வாயிலிருந்து கம்பியை விடாதீர்கள், பேரல் வாயின் விளிம்பு தேய்ந்தால் எந்தச் சேம்பராலும் காப்பாற்ற முடியாது. சுத்தம் செய்த பிறகு 10, 15 குண்டு போன பின்தான் பேரல் பழைய நிலைக்கு வரும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், மேட்ச் சேம்பர் வாங்குபவர் இந்த வேலையை வாழ்நாள் முழுக்க வாங்குகிறார். தளர்ந்த சேம்பரில் வளையம் கட்டினாலும் தோட்டா போய் உட்காரும். இறுக்கமான சேம்பரில் அதே வளையம் தோட்டாவை முன்னாலேயே நிறுத்தி, ஒவ்வொரு குண்டையும் வேறு வேறு அழுத்தத்தில் பிடிக்கும். சுத்தம் செய்யாத மேட்ச் சேம்பரை விட, சுத்தமான ஸ்போர்ட்டிங் சேம்பர் நன்றாகச் சுடும்.


பேரையூர்_புதுசு:

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கும் இந்தச் சேம்பர் கணக்கு உண்டா?


மேலூர்_கோச்:

வெடிமருந்தும் கூடும் கிடையாது, அதனால் சேம்பர் என்று இல்லை தம்பி. பெல்லட் உட்காரும் வாய் மட்டும்தான். அங்கே பெல்லட்டின் தலை அளவைத்தான் பொருத்திப் பார்க்க வேண்டும். 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று டப்பாவில் போட்டிருக்கும். மூன்றிலும் சுட்டுப் பார்த்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெல்லட்டைக் கட்டைவிரலால் சாய்த்துத் தள்ளினால் பாவாடை (பெல்லட்டின் விரிந்த பின்பகுதி) நசுங்கும், நேராக வைத்து மூடுங்கள்.


ஒத்தக்கடை_ஆர்மரர்:

தம்பியின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், புது பேரல் என்றால் எந்தச் சேம்பர்.

போல்ட் ரைஃபிள், 50 மீட்டர் பேப்பர், மேட்ச் தோட்டா மட்டும் என்றால் குண்டைக் கடித்துப் பிடிக்கும் மேட்ச் சேம்பர்தான். வின்செஸ்டர் 52-டி என்று சொல்லப்படும் அளவு, ஆன்ஷூட்ஸ் பாணி, ஈ.பி.எஸ். எல்லாம் இந்தக் குடும்பம். அவற்றுக்குள் எது உயர்த்தி என்று சண்டை போடுவது வீண். பேரல் செய்பவரிடம் எந்தத் தோட்டா சுடப் போகிறோம் என்று சொல்லி, அந்தத் தோட்டாவுக்கு அவர் வழக்கமாகப் போடும் ரீமரைக் கேட்பதுதான் புத்தி.

பென்ட்ஸ் சேம்பர் நடுத்தரம். ஆட்டோலோடிங் (தானே அடுத்த தோட்டாவை ஏற்றும்) ரைஃபிளுக்காக வந்தது. சுவர் இறுக்கம் மேட்ச் மாதிரி, ஆனால் ரைஃப்ளிங் கொஞ்சம் தள்ளி ஆரம்பிப்பதால் குண்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். சுடாத தோட்டாவைச் சிரமமில்லாமல் வெளியே எடுக்கலாம். பல ரகத் தோட்டா மாற்றி மாற்றிச் சுடுபவருக்கு இது தோது.

மேட்ச் சேம்பரில் இரண்டு ஆபத்தை மனதில் வையுங்கள். ஒன்று, சி.சி.ஐ. ஸ்டிங்கர் போன்ற தோட்டாக்களின் கூடு வழக்கமான 15.6 மி.மீ.க்குப் பதில் சுமார் 17.8 மி.மீ. நீளம். மேட்ச் சேம்பரில் அதன் வாய் த்ரோட்டுக்குள் நுழைந்துவிடும். விரிய இடமில்லாமல் குண்டை விடாது, அழுத்தம் ஏறும். மேட்ச் சேம்பரில் போடாதே என்று அந்தக் கம்பெனியே எச்சரிக்கிறது. எப்படியும் நொடிக்கு 380 மீட்டருக்கு மேல் போகும் தோட்டா நமக்கு ஆகாது. 38 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 354 மீட்டர். அதற்கு மேலே கிளம்பும் குண்டு 50 மீட்டருக்குள்ளோ கொஞ்சம் தாண்டியோ அந்த எல்லையைக் கடந்து இறங்கும்போது தள்ளாடும். 325–330இல் கிளம்பும் மேட்ச் தோட்டாவுக்கு நம்ம ஊர் வெயில் அந்த வகையில் நல்லதே.

இரண்டாவது, சுடாத தோட்டாவை வெளியே எடுப்பது. லேண்டுகள் குண்டைக் கடித்துப் பிடித்திருக்கும். ஸ்டாப் என்று ஆணை வந்ததும் போல்டைத் திறந்தால், சில சமயம் கூடு மட்டும் வெளியே வரும். குண்டு பேரலிலேயே தங்கிவிடும், மருந்து ஆக்‌ஷனுக்குள் கொட்டும். அப்படி ஆனால் அடுத்த தோட்டாவை உள்ளே விடவே கூடாது. அடைபட்ட பேரலில் சுட்டால் பேரல் வீங்கும். ரைஃபிளை டார்கெட் பக்கம் நோக்கியே வைத்து, போல்டைத் திறந்து விட்டு, கையைத் தூக்கி ரேஞ்சு அதிகாரியைக் கூப்பிடுங்கள். கொட்டிய மருந்தைத் துடைத்து, குண்டைக் கம்பியால் தள்ளுவதை ஆர்மரர் பார்த்துக்கொள்வார். இதைத் தவிர்க்க, டார்கெட்டைப் பார்த்துச் சுடத் தயாரான பிறகே போல்டை மூடும் பழக்கம் வேண்டும்.


திருமங்கலம்_ப்ரோன்:

எல்லாரும் சொன்னபடி வரிசையாகச் செய்து பார்த்த கணக்கு இது.

பழைய பேப்பர்களை எடுத்து அளந்ததில் உயரம் 22–27, அகலம் 12–15. அதாவது நெட்டை. கிளப் ஆர்மரர் ஹெட்ஸ்பேஸ் கேஜ் போட்டார். கோ கேஜில் போல்ட் மூடியது, நோ-கோ கேஜில் மூடவில்லை. சேம்பரில் கரி வளையம் இருந்தது, மூன்று தடவை ஊறவைத்த பிறகு போனது. போல்டுக்குள் பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருந்தது. ஆர்மரரே பிரித்துச் சுத்தம் செய்து, ஃபயரிங் பின் ஸ்பிரிங்கைப் புதிதாகப் போட்டார். காலிக்கூட்டில் பின் அடித்த தடம் இப்போது தெளிவாக, ஆழமாக விழுகிறது.

அதே லாட்டில் நாலு குரூப்: 19, 21, 18, 20. உயரம் 16–18, அகலம் 13–15. இன்னொரு ரகத்தில், 20 குண்டு விட்ட பிறகு: 17, 18, 16, 19. கூட்டில் கரி மட்டும் இன்னும் ஒரு பக்கமாகவே இருக்கிறது. மைக்ரோமீட்டரில் சுட்ட கூடு வாயோரம் 5.79, ரிம்முக்கு மேலே 5.84.


ஒத்தக்கடை_ஆர்மரர்:

பார்த்தீர்களா, கிட்டத்தட்ட 8 மி.மீ. சேம்பரைத் தொடாமலேயே கிடைத்துவிட்டது. நெட்டை குறைந்து வட்டத்துக்கு வந்திருக்கிறது. அதனால் பற்றவைப்பில் இருந்த குறை போய்விட்டது. மிச்சம் இருக்கும் 16–19 வட்டத்தில்தான் சேம்பரின் பங்கு இருக்கிறது. 5.84 என்று கூடு விரிந்திருப்பது உங்கள் சேம்பர் ஸ்போர்ட்டிங் அளவில்தான் இருக்கிறது, அதற்கு மேல் தேய்ந்துவிடவில்லை என்று காட்டுகிறது. இறுக்கமான மேட்ச் சேம்பரில் சுட்ட கூடு 5.78ஐத் தாண்டாது.

கரி ஒரு பக்கம் ஏறுவதை இன்னும் ஒரு படி பாருங்கள். பத்துத் தோட்டாவின் ரிம்மில் ஃபெல்ட் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொன்றையும் புள்ளி 12 மணிப் பக்கம் இருக்கிற மாதிரி கையால் வைத்து, தோட்டா சுழலாமல் மெதுவாகப் போல்டை மூடிச் சுடுங்கள். வெளியே வந்த கூட்டில் கரி எப்போதும் 12 மணியை ஒட்டியே இருந்தால், தோட்டா கனத்தால் அடியில் படுக்கிறது, மேலே வாயு போகிறது. அது தளர்ந்த சேம்பரின் இயல்பு, விட்டுவிடுங்கள். கரி எப்போதும் 3 மணிப் பக்கமோ 9 மணிப் பக்கமோ இருந்தால் முதலில் எக்ஸ்ட்ராக்டர் நகத்தைப் பாருங்கள். அது ரிம்மை ஒரு பக்கமாக நெட்டித் தள்ளும், ஸ்பிரிங் அதிக இறுக்கமாக இருந்தால் இன்னும் கூடத் தள்ளும். நகத்தைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு தோட்டா சுட்டு, கூட்டைக் கம்பியால் தள்ளி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இதைக் கிளப் ஆர்மரர் கூட இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். நகம் இல்லாமலும் கரி அதே பக்கம் என்றால் சேம்பரே போரின் நடுக்கோட்டில் இல்லை. அப்போது மட்டும் செரோசேஃப் என்ற கலப்பு உலோகத்தை உருக்கிச் சேம்பரில் ஊற்றி வார்ப்பு எடுத்துப் பார்க்கலாம். 88 டிகிரிக்குள் முழுசாக உருகிவிடும், பேரலுக்குச் சேதம் இல்லை. உறைந்ததும் முதலில் சுருங்கும், அப்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துச் சேம்பரின் அசல் அளவுக்கு வந்து நிற்கும், அப்போது அளந்தால் சரியான எண் கிடைக்கும்.


மேலூர்_கோச்:

16–19 சுடும் ரைஃபிளில் பயிற்சியை நிறுத்தி வைக்க ஒரு காரணமும் இல்லை தம்பி. குரூப் 18 என்றால் நடுவிலிருந்து பெரும்பாலான குண்டு 9 மி.மீ.க்குள். பத்து வளையத்தின் கோட்டைக் குண்டுத் துளையின் விளிம்பு தொட்டாலே பத்து. துளையின் ஆரம் 2.8, வளையத்தின் ஆரம் 5.2. ஆக நடுவிலிருந்து 8 மி.மீ. தூரம் வரை பத்துதான். குரூப்பை நடுவில் வைத்தால் ரைஃபிள் உங்களுக்குப் பெரும்பாலும் பத்துகளைக் கொடுக்கும். மாநிலப் போட்டியில் தசமப் புள்ளிக் கணக்கில் முன்னுக்குப் போக வேண்டும் என்ற கட்டம் வரும்போது மேட்ச் ரைஃபிளுக்கு விண்ணப்பியுங்கள். இந்த ஸ்போர்ட்டருக்குப் புது பேரல் போடும் செலவை அதற்கே வைத்திருங்கள்.

16 வந்த ரகத்தின் லாட் எண்ணை இன்றே குறித்துவைத்து, அதே லாட்டில் கிடைக்கும் வரை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் லைசென்ஸ் அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள். பெட்டியைக் கார் டிக்கியில் விட்டு வைக்காதீர்கள். மதியம் அந்தச் சூட்டில் மெழுகு இளகிக் குண்டின் ஒரு பக்கமாக இறங்கிவிடும். ரேஞ்சில் திறந்த பெட்டியைத் தரையில் வைக்காமல் சின்னத் துணி போட்டு மூடி வையுங்கள். மெழுகில் ஒட்டும் செம்மண் தூள் அப்படியே சேம்பருக்குள் போகும்.